கீழ்க்கட்டிலுக்கு இரண்டு பேர்

சனிக்கிழமை எர்லிண்டாவின் மாமியார் வருகிறாள். வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்திகரிக்க வேண்டிய நோயாளி. அவளைப் படுக்க வைக்க அந்த வீட்டில் இருந்த ஒரே மூலையில் இப்போது நெனித்தாவின் பாய் கிடந்தது.

"உன்னைப் போன்னு நான் சொல்லலக்கா," என்றாள் எர்லிண்டா. அவள் நெனித்தாவின் சித்தி மகள். அவள் புருஷனும் போ என்று சொல்லவில்லை. நெனித்தா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டேப்பை எடுத்து வந்து, அவள் காலைச் சற்று நகர்த்தச் சொல்லி, அந்த மூலையை அளந்தான்.

நெனித்தாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அதில் பத்தொன்பது வருஷம் மணிலாவில் அடுத்தவர் வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் இஸ்திரி மேசையோடு படுத்து எழுந்தவள். கடைசியாக வேலை பார்த்த குடும்பம் மார்ச் மாதம் கனடாவுக்குப் போய்விட்டது. இப்போது மகாட்டியில் ஒரு அலுவலகக் கேன்டீனில் காய் நறுக்குகிறாள். விடியுமுன் ஐந்து மணிக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்கு விடுவார்கள். ஊரில் பாதி வீடுகளின் தரையைத் துடைத்திருக்கிறாளே தவிர, தனக்கென்று வாடகைக்கு இடம் கேட்டுப் பழக்கமே இல்லை. என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் தெருத்தெருவாக அலைந்தாள். முழு அறை அவள் சம்பளத்துக்குக் கட்டாது. ஒரு அறையில் ஒரு கட்டில் மட்டும்தான் கட்டும். விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருந்த காகிதங்களில் எண்ணைப் பார்த்துப் பார்த்துப் போன் போட்டாள்.

முதல் வீட்டில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்து, "வயசு என்ன?" என்று கேட்டாள்.

"நாப்பத்தி மூணு."

"சின்னப் பொண்ணுங்களுக்குத்தான் குடுக்கறோம். வயசானவங்க ராத்திரில இருமுவாங்க."

"நான் இரும மாட்டேங்க."

"இப்ப அப்படித்தான் சொல்லுவீங்க," என்று கதவைச் சாத்திவிட்டாள்.

இன்னொரு இடத்தில் எட்டுக் கட்டில். ஜன்னல் ஒன்றுகூட இல்லை. காற்று எப்படி வரும் என்று கேட்டதற்கு, கதவைத் திறந்தால் வரும் என்றார் வீட்டுக்காரர். எட்டுப் பேரும் வேலைக்குப் போகிறவர்கள், யாராவது ஒருத்தர் திறக்காமலா இருப்பார்கள் என்றார். மூன்றாவது இடத்தில் அவள் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும்போதே மேலே யாரோ முன்பணம் கொடுத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு குவாதலூப்பேயில் ஸெனைடாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஸெனைடா அறுபதைத் தாண்டிய விதவை. வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று சைகை காட்டி, மாடியறைக் கதவைத் தள்ளினாள்.

மேலும் கீழுமாக நான்கு கட்டில்கள். ஜன்னல் இருந்தது. ஆற்று நாற்றத்தோடு என்றாலும் காற்றும் வந்தது.

"இந்தக் கட்டில்தான்," என்று ஜன்னலோரக் கீழ்க்கட்டிலைக் காட்டிக் கிசுகிசுத்தாள் ஸெனைடா.

அந்தக் கட்டிலில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி, காலுறையைக்கூடக் கழற்றாமல், கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு.

"ஆள் இருக்கே!"

"சனிக்கிழமை காலி ஆயிடும். ராத்திரியெல்லாம் கால் சென்டர்ல பேசிட்டு வந்து பகல் பூரா இப்படித்தான் கிடக்கும். ஃபேன் நிக்கறதே இல்ல. கரண்ட் பில்லு எனக்கு வருது. ரெண்டு வருஷமா அதே ரெண்டாயிரத்து எண்ணூறு பேசோ. நீ மூவாயிரத்து ஐநூறு தருவேல்ல?"

"இந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும், தெரியும்."

கீழே தண்ணீர் கேன்காரன் கூப்பிட, ஸெனைடா இறங்கிப் போனாள். அப்போது அந்தப் பெண் கறுப்புத் துணியை நெற்றிக்கு ஏற்றி ஒரு கண்ணால் பார்த்தாள். இருபத்து மூன்று, நான்கு வயதுதான் இருக்கும்.

"மேல் கட்டில் பாக்க வந்தீங்களாக்கா? ஃபேன் இருக்கற பக்கம் தலை வைக்காதீங்க. எந்திரிக்கும்போது இடிக்கும்."

"ம்," என்றாள் நெனித்தா.

அந்தப் பெண் மறுபடியும் தூங்கிப்போனாள். நெனித்தா கீழே போய் ஐநூறு பேசோ முன்பணம் கொடுத்தாள். ஸெனைடா அவள் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இடம் கிடைத்துவிட்டது. அப்பாடா என்று இருக்க வேண்டும், இருக்கவில்லை. ஜீப்னி வண்டியில் உட்கார்ந்திருந்தவளுக்குப் போன வருஷம் நடந்தது நினைவுக்கு வந்தது. கனடா போன குடும்பம் வீட்டை விற்பதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டைப் பார்க்க வந்த அந்நியர்களுக்கு எலுமிச்சைச் சாறு கலக்கிக் கொடுத்தபோது, "இந்த வேலைக்காரி ரூமை இடிச்சிட்டா சமையல்கட்டு பெருசாயிடும்" என்று அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. அன்றைக்குத் தட்டைப் பிடித்தபடி நின்ற கை இப்போதும் கூசியது.

மறுநாள் நான்கு மணிக்கே ஸெனைடா வீட்டுக்குக் கீழே இருந்த சோற்றுக்கடையில் போய் உட்கார்ந்தாள். ஐந்து மணி வாக்கில் அந்தப் பெண் தலை ஈரத்தோடு இறங்கி வந்து சோறும் வறுத்த கருவாடும் வாங்கினாள். பேர் ஜோவெலின் என்று கடைக்காரி கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது.

"தங்கச்சி, நான் நேத்து மேல் கட்டில் பாக்க வரல," என்று எதிரே போய் உட்கார்ந்தாள் நெனித்தா. "உன் கட்டிலத்தான் பாத்தேன். நாளைக்கு நீ காலி பண்றதா அந்தம்மா சொன்னாங்க."

ஜோவெலின் வாயிலிருந்த சோற்றை மெல்லாமல் அப்படியே இருந்தாள். பிறகு விழுங்கினாள்.

"முன்பணம் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தேன்."

"நேத்து நான் முழிச்சுப் பேசினேன்ல? அப்ப சொல்ல வாய் வரலையா? நான் தூங்கறத நின்னு வேடிக்கை பாத்துட்டு, பணத்தக் கட்டிட்டு, இப்ப வந்து நல்லவங்க மாதிரி சொல்றீங்க! எடுத்துக்கோங்க! தலையணையும் சேத்து எடுத்துக்கோங்க!"

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நெனித்தாவுக்கு முகம் எரிந்தது. அந்தப் பெண் தட்டை அப்படியே விட்டுவிட்டு மாடியேற, பின்னாலேயே ஓடினாள்.

மேலே ஸெனைடா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "இன்னிக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்று முணுமுணுத்தாள்.

"நாளைக்குக் காலி பண்ணணும்னா இன்னிக்குச் சொல்லுவீங்களா? நான் நாயா?"

"இந்த வீட்டு ஓனர் மட்டும் எனக்கு ஆறு மாசம் டைம் குடுக்கறானா? நானும் வாடகைக்குத்தாண்டி இருக்கேன்! வாடகைய அவன் ஏத்திட்டான். எனக்கு வேற என்ன வழி இருக்கு? நீயே சொல்லு!"

ஸெனைடாவின் குரல் உடைந்தது. ஜோவெலின் வாய் திறந்தபடி நின்றாள். இந்த வீடு ஸெனைடாவின் சொந்த வீடு என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்திருந்தாள். மின்விசிறி காலிக் கட்டிலுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

நெனித்தா அந்தக் கட்டிலையே பார்த்தாள். சாயங்காலமே வேலைக்குப் போய்விடுகிறாள் இவள். விடிந்த பிறகுதான் வருவாள்.

"இது ராத்திரி பூரா சும்மாதானே கிடக்கு?" என்றாள்.

"எது?"

"கட்டில். பகல்ல இந்தப் பொண்ணு தூங்கட்டும், ராத்திரி நான் தூங்கறேன். ஆளுக்கு ரெண்டாயிரம் தர்றோம். உங்களுக்கும் கேட்டத விடக் கூடவே வருது."

ஸெனைடா மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "கட்டில் என்ன வாடகை ட்ரைசைக்கிளா, ஷிஃப்ட் போட்டு ஓட்டறதுக்கு?"

ஜோவெலின் சிரிக்கவில்லை. "என் போர்வைய யாரும் தொடக் கூடாது," என்று மட்டும் சொன்னாள்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. இரண்டு விரிப்பு, இரண்டு தலையணை உறை. நெனித்தா நான்கு மணிக்கு எழுந்து தன்னுடையதைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டுப் போவாள். இரண்டு மணிக்கு வேலை முடிந்தாலும் ஐந்து வரை வீட்டுக்கு வர முடியாது. அந்த மூன்று மணி நேரத்தை எங்கே கழிப்பது என்று தெரியாமல் கடைத்தெருவில் நடப்பாள், தேவாலயத்தில் உட்காருவாள், காவலாளி பார்க்க ஆரம்பித்ததும் எழுந்து நடப்பாள். வாரத்தில் ஜோவெலினுக்கு விடுமுறையான இரண்டு இரவுகளில் கட்டில்களுக்கு நடுவே தரையில் படுத்தாள். கால் வலி விடவே இல்லை. படுத்தாலும் நடப்பது போலவே கனவு வந்தது.

முதல் மூன்று வாரம் ஜோவெலின் அவளிடம் பேசவே இல்லை. கேன்டீனில் மிஞ்சிய நூடுல்ஸை நெனித்தா கட்டிக்கொண்டு வந்து ஜன்னல் ஓரம் வைப்பாள். முதலில் அது அப்படியே இருந்தது. பிறகு காலி டப்பா இருந்தது. அப்புறம் கழுவிய டப்பா.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் தலை சீவிக்கொண்டே ஜோவெலின் கேட்டாள். "அக்கா, பாசிக்ல ஒரு ரூம் இருக்காம். ரெண்டு பேர் சேந்து எடுத்தா இதவிடக் கொஞ்சம்தான் கூட ஆவும். ஞாயித்துக்கிழமை பாக்கலாமா?"

ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்து வந்த ஜோவெலின் தூங்காமலேயே கிளம்பினாள். ஜீப்னியில் நெனித்தாவின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கினாள். அறை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு கட்டில் போடலாம். சமைக்கலாம் என்றார் அறையைக் காட்டிய கிழவர். கீழே மட்டும் ஒரு இரும்புப் பட்டறை, ஞாயிறானதால் பூட்டிக் கிடந்தது.

"அது எப்பலேர்ந்து எப்ப வரைக்கும் ஓடும்?" என்று கேட்டாள் நெனித்தா.

"காலைல எட்டுலேர்ந்து ஆறு வரைக்கும். ராத்திரில ஒரு சத்தம் இருக்காதும்மா, நிம்மதியாத் தூங்கலாம்."

"வேணாங்க," என்றாள் நெனித்தா.

ஜோவெலின் அவளை வெளியே இழுத்து வந்தாள். "பைத்தியமாக்கா உங்களுக்கு? நீங்க ராத்திரி தூங்கறவங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"நீ எங்க தூங்குவே?"

"காதுல பஞ்சு வெச்சுப்பேன்."

"இரும்பு அடிக்கற சத்தத்துக்குப் பஞ்சா? ஒரு மாசத்துல செத்துருவே."

ஜோவெலின் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணைக் கசக்கினாள், தூக்கமா வேறு ஏதாவதா என்று நெனித்தா கேட்கவில்லை.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்குன்னு பட்டறைக்கு எதுத்த கடையில சொன்னாங்க," என்றாள் ஜோவெலின். "மூணாவது மாடி. படி செங்குத்தா இருக்குமாம்."

"படி கிடக்கட்டும். கீழ என்ன இருக்கு?"

"தையல்கடை."

"எத்தன மெஷின்?"

"அதையெல்லாம் யாருக்கா கேட்டா!"

"வா, போய்க் கேப்போம்," என்று நெனித்தா கையை நீட்டி ஜீப்னியை நிறுத்தினாள். உட்கார ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ஜோவெலினை அதில் உட்காரவைத்துவிட்டு, பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள்.