தூர்ந்த காது

“நீயும் முங்குறியா, இல்ல நான் மட்டும் போவட்டுமா?” என்று மேகலா அக்கா கேட்டாள். ஜெப வீட்டுக்குப் பின்னால் இருந்த தொட்டியில் ஞானஸ்நானம் நடந்துகொண்டிருந்தது. அப்பா திருப்பத்தூரில் வேறு குடும்பம் வைத்த பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறியவர்கள் அந்த ஜெப வீட்டுக்காரர்கள் மட்டும்தான். அம்மா அவளுடைய மாரியம்மனை விடவில்லை. எங்களைத் தடுக்கவும் இல்லை.

அக்கா கேட்டதால் முங்கினேன். அவள் கம்மலைக் கழற்றினாள், நானும் கழற்றினேன். எங்கள் சபையில் நகை போடக் கூடாது.

பள்ளியில் என்னை ‘மூளி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வராது. பத்தாம் வகுப்பு பாதியில் நின்றுவிட்டேன். ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலை கிடைத்தது. அக்கா வேலூருக்குப் பஸ்ஸில் போய் காலேஜ் முடித்தாள்.

இந்தத் தை மாதம் அவளைப் பெண் பார்க்க அணைக்கட்டிலிருந்து வந்தார்கள். அன்று காலை அம்மா இரண்டு ஜோடி கம்மல் இரவல் வாங்கி வந்தாள். என் காதில் திருகிப் பார்த்தாள். ரத்தம்தான் வந்தது.

“ஓட்ட தூந்து போச்சேடி.”

அக்காவுக்குச் சுலபமாக இறங்கியது.

“உனுக்கு மட்டும் எப்டிக்கா?”

“ராத்திரில வேப்பங்குச்சி வெச்சுப்பேன். பஸ் ஏறுனதும் கம்மல் போட்டுப்பேன். காலேஜ்ல எல்லாம் ஒரு மாதிரி பாத்தாங்கடி.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நீ சபையில போயி சாட்சி சொல்லிட்டீன்னா?” என்று சிரித்தாள்.

மாப்பிள்ளை செந்தில்குமார் தலை நிமிரவில்லை. நான் பஜ்ஜித் தட்டை நீட்டியபோது அவருடைய அம்மா வள்ளியம்மாள் என்னை உற்றுப் பார்த்தார்.

“இன்னாமே, சின்னவ காது மூளியா கீது?”

அம்மா வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “அவ ஒருத்திதான் ஆன்ட்டி ஜெபத்துக்குப் போறா. எங்களுக்கு அதெல்லாம் ஆவாது.”

“நெஜமாடி?” என்று என்னைக் கேட்டார்.

அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

“ஆமாங்க” என்றேன்.

“அப்போ கல்யாணத்துல பொட்டு வெச்சுக்கினு நிக்கட்டும். எங்க ஜனம் வாய் ஜாஸ்தி.”

அக்காவுக்காக வைத்துக்கொள்வேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: “அவ வரமாட்டா ஆன்ட்டி. அவங்க சபையில கோயில் கல்யாணத்துக்குப் போவக் கூடாது.”

அப்படி ஒரு சட்டம் எங்கள் சபையில் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

வள்ளியம்மாள் நிம்மதியாக இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் தெருமுனையில் வேன் வந்து நின்றது. அம்மா தாம்பாளத்தோடு முன்னால் போய்விட்டாள். அக்காவின் புடவை மடிப்புக்கு நான்தான் ஊக்கு குத்திவிட்டேன்.

“நீ வான்னு சொன்னா வர்றேன்க்கா. பொட்டு வெச்சுக்கினே வர்றேன்.”

அவள் கண்ணாடியில் பூவைச் சரிசெய்தாள். குனிந்து செருப்பை மாட்டினாள். வேன் நின்ற பக்கம் நடந்து போனாள்.