பீவி சொன்ன வாரேன்

ஆனந்தமேரி டீச்சருக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையோடு பேச்சும் போனது. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பேச்சுதான் வீம்பு பிடித்தது. வேலை பார்த்த காலமெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்தவள், தண்ணீர் கேட்க வாயைத் திறந்து 'பல்லி' என்று சொல்லிவிட்டு, வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேட்பதிலும் ஒரு கோளாறு. காது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாராவது நீளமாகப் பேசினால் முன்பாதி நழுவிவிடும், வால்தான் கையில் நிற்கும். "அம்மா, மாத்திரையச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடாத, அப்புறமாப் போடு" என்று மகள் மரியசெல்வி சொன்னால், டீச்சருக்கு மிஞ்சுவது 'போடு' மட்டும். உடனே எடுத்துப் போட்டுக்கொள்வாள். திட்டும் வாங்குவாள்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சிநேகிதிகளின் போன் ஓயாமல் அடித்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, எதிர்முனையில் 'ம்... ம்...' என்று முனகுகிறவளிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவது? ஓசூரிலிருக்கும் வினோலியா தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூ படத்தை அனுப்பிக் கடமையை முடித்துக்கொண்டாள். அதே ரோஜாவை அவள் ஊருக்கே அனுப்புகிறாள் என்பது டீச்சருக்குத் தெரியாதா என்ன?

கடைசியில் மிஞ்சியது ரம்ஜான் பீவி ஒருத்திதான். காந்திகிராமத்தில் படித்த காலத்தில் விடுதியில் இரண்டு பேரும் ஒரே அறை. இப்போது சென்னையில் மகன் வீட்டோடு இருக்கிறாள். போனை வைக்கும்போது எல்லாரும் 'வச்சிர்றேன்' என்பார்கள். பீவிக்கு அது வராது. "வாரேன்டி" என்பாள், பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போகிறவள் மாதிரி.

ஒருநாள் மத்தியானம் டீச்சர் வாட்ஸப்பில் மைக்கை அழுத்திப் பிடித்து, மூச்சைக் கூட்டி, "பீவி... வா" என்றாள். அந்த ஒரு எழுத்துக்கே அவளுக்கு வேர்த்துவிட்டது. பதில் நீளமாக வந்தது. நடுவில் 'ஞாயித்துக்கெழம' என்று ஒரு சொல் பிடிபட்டது. கடைசியில் 'வாரேன்டி' என்று தெளிவாகக் கேட்டது. டீச்சர் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் மகள் கடையிலிருந்து வந்ததும், "ஞாயிறு. பீவி. வாரா" என்றாள்.

"பீவி அத்தையா? நெசமாவா? பகல் ரயில்லயா வாராக?"

"ம்."

அம்மா மூன்று வார்த்தை சேர்த்துப் பேசிய சந்தோஷத்தில் மரியசெல்வி மேற்கொண்டு எதையும் விசாரிக்கவில்லை.

அதுவரை பிசியோதெரபி பெண் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிற டீச்சர், மறுநாள் அவள் வருவதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பிடித்து நடந்தாள். பிறகு சுவரை விட்டும் நடந்தாள். யாரும் இல்லாத நேரத்தில் "வாடி", "சாப்டியா", "எளச்சிட்ட" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பீவி வந்தால் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த மூன்று வார்த்தை போதும், மீதியை அவளே பேசிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை பேகம்பூர் பாய் கடையில் எடுத்த கறியில் குழம்பு கொதித்தது. டீச்சர் சுங்குடிச் சேலை கட்டி, பீவிக்கென்று வாங்கிய மல்லிகையை மடியில் வைத்துக்கொண்டு மகளோடு ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் வாசலைத் தாண்டியது அன்றுதான்.

ரயில் வந்தது. ஜனம் இறங்கியது, ஏறியது. டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ரயில் மதுரைப் பக்கம் போய்விட்டது. பிளாட்பாரத்தில் டீ விற்கிறவரும் இவர்களும்தான் நின்றார்கள்.

"எந்தப் பெட்டின்னு சொன்னாகளாம்மா? போனக் குடு" என்று வாங்கி, மரியசெல்வி அந்தப் பதிலைச் சத்தமாகப் போட்டாள்.

"அடியே மேரி, ஒங் கொரலக் கேட்டதும் அழுக வந்துருச்சுடி. வரணும்னு ஆசதான். முட்டிய மடக்க முடியல, பேரப்புள்ளைய வேற யார்ட்ட விட்டுட்டு வர? ஞாயித்துக்கெழம இங்க ஒரு நிக்காஹ் இருக்கு, அது முடியட்டும், போன் போடுறேன். ஒடம்பப் பாத்துக்க. வாரேன்டி."

மரியசெல்விக்கு முகம் செத்துப்போனது. டீச்சர் கையைக் காட்டி, மறுபடி போடச் சொன்னாள். மகள் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திப் போட்டாள். இந்த முறை எதுவும் நழுவவில்லை.

"நான் ஒருவாட்டி கேட்டுத் தொலச்சிருக்கணும்மா" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். டீச்சர் போனை வாங்கி மைக்கை அழுத்தினாள்.

"பீவி. போறேன்."

"அய்யோ அம்மா, அப்டிச் சொல்லக் கூடாது! வாரேன்னு சொல்லு."

அம்மாவுக்குப் பழையபடி வார்த்தை மாறிவிட்டது என்று மரியசெல்வி நினைத்தாள். மாறவில்லை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து டீச்சர் தேடி எடுத்துச் சரியாகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

வீடு வந்து சேர்வதற்குள் பதில் வந்துவிட்டது. பின்னால் கல்யாண வீட்டு இரைச்சல்.

"அல்ஹம்துலில்லா, ரெண்டு வார்த்த சேந்து வருதேடி! நல்லாத் தேறிட்ட. இங்க ஒரே சத்தம், என்ன சொன்னன்னே கேக்கல. வாரேன்டி."

மறுநாள் பிசியோதெரபி பெண் வந்து கூப்பிட்டபோது, டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.