ஒழுகாத பந்தல்

கடத்தூரில் பந்தல் போடும் தஸ்தகீர் பாய்க்கு நாற்பது தாண்டிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அவர் போட்ட பந்தலில்தான் கல்யாணம் நடந்தது. அவருக்கு மட்டும் நடக்கவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். அவர் கடையில் பந்தல் துணிக்கு ஒட்டுப் போட்டுத் தைக்கிற ஹமீதுன்னிசாதான் காரணம். புருஷனை இழந்து அண்ணன் பக்ருதீன் வீட்டில் இருந்தவள். பாய் முறைப்படி அண்ணனிடம்தான் பெண் கேட்டார். பதில் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"ஒழுகாத பந்தல் ஒன்னு போடச் சொல்லுங்கண்ணே. அன்னிக்குப் பார்க்கலாம்."

எந்தத் துணியில் எங்கே ஓட்டை என்பது அவளுக்குத்தான் அத்துபடி. பாய் வாயை மூடிக்கொண்டார். ஆசையை மூட முடியவில்லை.

எண்பத்தைந்து ஐப்பசியில் ஒரு சாயங்காலம், ஊருக்கு வெளியே ஏரோப்ளேன் காட்டில் நிஜமாகவே ஒரு ஏரோப்ளேன் இறங்கியது. யுத்த காலத்தில் போட்ட ஓடுபாதை அது. அதற்கப்புறம் அங்கே கடலைக்காயையும் மிளகாயையும் காயப்போட்டதோடு சரி. வந்தவர் பெங்களூர் முனிராஜ், கூட அவர் மனைவி லூர்துமேரி. சொந்த விமானமாம். இப்படிப் பழைய ஓடுபாதையாகத் தேடித் தேடி இறங்குவார்கள். விமானத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடித்து, ஸ்டவ்வில் சோறு வைத்துச் சாப்பிட்டு, விடிந்ததும் பறந்துவிடுவார்கள். பணம் கூடிப்போனால் மனுஷனுக்கு என்னென்னவோ தோன்றும்.

ஊரே வேடிக்கை பார்க்க ஓடியது. எல்லோரும் விமானத்தைப் பார்த்தார்கள். பாய் கூடாரத்தைப் பார்த்தார். இடுப்பளவுகூட உயரமில்லை. முனிராஜ் அதற்குள் குனிந்து, மண்டி போட்டு நுழைவதைக் கண்டதும் பாய்க்கு மனசு தாங்கவில்லை.

"பந்தல்காரன் ஒருத்தன் இந்த ஊர்ல உசுரோட இருக்கறப்ப, விருந்தாளி பல்லியாட்டம் ஊர்ந்து போறதாங்க?"

"அய்யோ, பேடா பாய், பேடா. நமக்கு இது பழக்கம்" என்று பாதிக் கன்னடத்தில் மறுத்தார் முனிராஜ்.

யார் கேட்டார்கள்? இருட்டுவதற்குள் மாட்டுவண்டியில் மூங்கில் வந்து இறங்கிவிட்டது. கால் ஊன்றியாயிற்று, மாவிலைத் தோரணமும் கட்டியாயிற்று. துணிதான் பற்றவில்லை. பாய் அண்ணாந்து பார்த்தார். விமானத்தின் இறக்கை தலைக்கு மேலே அகலமாக நீண்டிருந்தது. துணியின் ஓரத்தை அதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். பாதிக் கூரை துணி, பாதிக் கூரை இறக்கை. லூர்துமேரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வம்பு விடிந்த பிறகுதான் வந்தது. வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன்னால் கிளம்ப வேண்டும், கட்டை அவிழ்த்துவிடுங்கள் என்றார் முனிராஜ். பாய் கயிற்றில் கை வைத்ததும் ஊர்ப் பெரியதனக்காரர் காளியப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"கால் ஊனின பந்தலை வெறும் பந்தலாப் பிரிக்கறதா? ஒரு நல்ல காரியம் நடக்காம பிரிச்சா ஊருக்கு ஆகாதுங்க. உங்களுக்கே நான் சொல்லணுமா பாய்?"

பாய் தலையில் அடித்துக்கொண்டார். விருந்தாளி மேல் வைத்த கரிசனத்தில் தொழிலின் முதல் பாடத்தையே மறந்திருந்தார்.

"அப்ப சீக்கிரம் ஏதாவது நல்ல காரியம் பண்ணிடுங்க" என்றார் முனிராஜ்.

நல்ல காரியம் என்ன கடைச்சரக்கா, எடுத்துக் கொடுக்க? காளியப்பன் பேரனுக்குக் காது குத்தலாம். ஆனால் மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் சித்தேரி மலை மேல் இருந்தான். மருமகள் காவேரிக்கு வளைகாப்புப் போடலாம். அவளுக்கு இன்னும் மாசம் ஆகவில்லை. விமானக்காரருக்கே அறுபதாம் கல்யாணம் செய்துவைத்தால் என்ன என்றார் ஒருவர்.

"இவருக்கு அம்பத்தி நாலுதான் ஆகுது. அதுவுமில்லாம ஒரு தடவை பண்ணினதே போதும் சாமி" என்றாள் லூர்துமேரி.

கடைசியில் எல்லாக் கண்ணும் பாய் பக்கம் திரும்பியது. பாய் தரையைப் பார்த்தார். பக்ருதீன் தங்கையைப் பார்த்தார். அவள் பெண்களோடு இறக்கைக்கு அடியில் நின்றிருந்தாள்.

"சொன்ன சொல்லு சொன்னதுதாண்ணே" என்றாள் ஹமீதுன்னிசா.

ஐப்பசி மழை சொல்லிக்கொண்டா வரும்? சடசடவென்று பிடித்துக்கொண்டது. பந்தல் துணி அத்தனை ஓட்டையையும் திறந்து காட்டியது. காளியப்பனின் தலைப்பாகை நனைந்து கண்ணை மறைத்தது. பாயின் தொப்பி மேல் நேராக ஒரு தாரை இறங்கியது. அவர் நகரவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஊர் பார்க்க அவர் பந்தலே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டதே.

ஹமீதுன்னிசா உள்ளங்கையை விரித்து நீட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. அண்ணாந்து பார்த்தாள்.

"இது யாரு போட்ட பந்தலு?"

பாய் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் எப்போதோ கல்யாணம் ஆகியிருக்கும்.

"காலு என்னுது. உங்க தலைக்கு மேல இருக்கற கூரை அவரோடது" என்றார்.

"கால் ஊனினவருதுதான் பந்தலு. கூரை யாரோடதா இருந்தா என்ன?" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள் அவள். "அண்ணே, போயி பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டிட்டு வாங்க."

ஆண்கள் நனைந்துகொண்டும் பெண்கள் நனையாமலும் இருக்க, நிக்காஹ் முடிந்தது. லூர்துமேரி தன் கூடையில் இருந்த பிஸ்கட்டை எல்லோருக்கும் பங்கு வைத்தாள். மழை விட்டதும் பந்தலை முறையாகப் பிரித்தார்கள். முனிராஜ் கூடாரத்தைச் சுருட்டி, மொய் என்று சொல்லிப் பெண்ணின் கையில் கொடுத்தார். விமானம் தொப்பூர் மலைப் பக்கம் போய் மறைந்தது.

அந்த வாரமே இன்னொரு மழை பிடித்தது. பாயின் ஓட்டு வீடு அவர் பந்தலுக்கு அண்ணன். மூலைக்கு ஒரு பாத்திரம் வைத்தும் தாங்கவில்லை. ஹமீதுன்னிசா நடு வீட்டில் கூடாரத்தை விரித்து, தூணிலும் ஜன்னல் கம்பியிலும் இழுத்துக் கட்டி, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். பாய் வெளியே நனைந்தபடி நின்றார்.

"எதுக்கு நிக்கறீங்க? உள்ள வாங்க."

பந்தல்காரர் தஸ்தகீர் பாய் தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, மண்டி போட்டு, பல்லியாட்டம் ஊர்ந்து உள்ளே போனார்.