தெரேசாவின் தொழில்

தெரேசா அக்கா கடிதத்தை என் மேசையில் விரித்துவைத்து, "படிச்சுச் சொல்லுங்க சேர்" என்றார். மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே உட்கார்ந்து ஆங்கிலப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் பிழைப்பு. கடை உரிமம் கொடுக்கும் கந்தோர் அனுப்பிய கடிதத்தில் ஒரே செய்திதான். செத்துப்போன அவருடைய கணவர் இராயப்பனின் பெயரிலிருந்த கடை இனி இராயப்பனின் தம்பி அருள்ராஜுக்கு. மனைவி ஹவுஸ்வைஃப், வியாபாரப் பழக்கம் இல்லாதவர் என்று அவருடைய விண்ணப்பமே சொல்கிறதாம்.

அக்கா அப்படிச் சொல்லவில்லை. நான்தான் எழுதினேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, கடையைத் தன் பெயருக்கு மாற்றும் அந்த விண்ணப்பத்துக்காக வந்திருந்தார். என்ன வேலை என்று கேட்டேன். "கொழுந்து பறிக்க மலைக்குப் போறத விட்டு இருவது வருசமாச்சுங்க. இப்ப வேல ஒண்ணுமில்ல" என்றார். தேயிலைத் தோட்டத்தில் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பெயர் விழுந்தால்தான் வேலை, மற்றதெல்லாம் சும்மா இருப்பது. நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன், எனக்கும் அது சரியாகவே பட்டது. இத்தனைக்கும் அந்த இருபது வருடமும் அவர் கடையில் நிறுத்துக் கொடுத்த பருப்பையும் கருவாட்டையும் தின்றவன் நான். இராயப்பன் பாதி நாள் இழுப்போடு படுக்கையில்தான் கிடந்தார். தெரிந்திருந்தும் கூசாமல் எழுதியிருக்கிறேன், வெட்கங்கெட்ட கை.

வாசித்துச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். கேள்விதான் கேட்டார்.

"கடக்காரிக்கு இங்கிலீசுல என்னங்க சொல்றது?"

"ஷொப்கீப்பர்."

"எங்க வூட்டுக்காரருக்கு?"

"அதேதான்க்கா. ஆம்பள பொம்பள ரெண்டு பேருக்கும் அது ஒண்ணுதான்."

"அப்ப அன்னைக்கே போட்டிருக்கலாமே."

குற்றம் சாட்டும் குரலல்ல அது. சீனி என்ன விலை என்று கேட்பது போலத்தான் இருந்தது. அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மேன்முறையீடு எழுதப் புதுத் தாள் எடுத்தேன். அப்போதுதான் கடிதத்தின் அடியில் இருந்த தேதி கண்ணில் பட்டது. மேன்முறையீட்டுக்கான தவணை போன வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது. அதை அக்காவிடம் சொல்லாமலே எழுதத் தொடங்கினேன். பேனா தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் கந்தோருல என்ன வேலன்னு கேட்டா நானே சொல்லிருவேன்" என்று அக்கா பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சொல்லை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். தோட்டத்துப் பஸ் வந்து, ஹோர்ன் அடித்து, அவரை ஏற்றாமலே போய்விட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஷொப்கீப்பர். இப்ப சரியாங்க சேர்?"

"சரிக்கா."

மறுபடியும் ஒருமுறை சொன்னார்.