ஒப்பனைக்கும் ஒரு பாராட்டு

பேப்பரில் யார் பிழை விட்டாலும் ஆசிரியருக்குக் கடிதம் போடாவிட்டால் என் அப்பாவுக்குச் சோறு இறங்காது. ஆனந்தராஜா, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், கெலுகோர். அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பவள் நான், இளைய மகள் யோகலட்சுமி.

எண்பத்திரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆங்கிலப் பேப்பரில் என் அக்கா செல்வநாயகியைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. விரிவுரையாளர் ஒருவர் கைக்காசு போட்டு எடுத்த சின்னப் படத்தில் அக்காதான் கதாநாயகி. அவர் அக்காவின் கணவர், என் அத்தான் குலசேகரத்தின் நண்பர். பெருமைக்காக அத்தானும் சரி என்றிருந்தார். முதல் படத்திலேயே இந்தப் பெண், தான் அழாமல் நம்மை அழவைக்கிறாள் என்று விமர்சகர் எழுதியிருந்தார். அப்பா ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்தார்.

அக்கா காலையிலேயே ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு பையோடு பஸ் ஏறி வந்திருந்தாள். இனி அத்தானிடம் போவதில்லை என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அப்பாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் தைரியம் இல்லை, அதுதான் உண்மை.

அப்பா கடைசிப் பத்திக்கு வந்தார். கதாநாயகி சட்டைக் கையை மடித்துத் தைலம் தேய்க்கும் காட்சியில், கன்றிப்போன காயத்தை அத்தனை இயல்பாக வரைந்த ஒப்பனைக் கலைஞரையும் பாராட்ட வேண்டுமாம்.

"பேரைப் போடலையே லா! மேக்கப் யாரும்மா? இன்னைக்கே எழுதிப் போடுவோம்."

"யாரும் இல்லப்பா," என்றாள் அக்கா. "அந்தப் படத்துல மேக்கப்பே கிடையாது."

சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். படம் எடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. கையில் இருந்த காயம் புதுசு.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடி அந்தக் கையைப் பார்க்கவில்லை.

"நான் இங்கேயே இருந்துக்கிறேன்ப்பா."

"பேப்பர்ல வந்துருச்சு. ஊரே படிக்கும். கோயில்ல நாலு பேர் கேட்டா என்ன சொல்றது? மாப்பிள்ளைத் தம்பி பேரு என்னாகும், ஆபீஸ்ல?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "யோகா, டைப்ரைட்டரை எடு."

அவர் சொன்னார், நான் அடித்தேன். விமர்சனத்தில் ஒரு விவரம் விடுபட்டுள்ளது. அந்த ஒப்பனையை நடிகையே செய்துகொண்டார். இப்படிக்கு, நடிகையின் தந்தை. என் விரல்கள் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

அப்பா போன் செய்து வரச்சொன்னதில், மாலை ஐந்து மணிக்கு அத்தானின் கெரெத்தா வாசலில் வந்து நின்றது. அப்பாவே பையைத் தூக்கிப் போய்க் காரின் பின் சீட்டில் வைத்தார். "பாத்துப் போங்க தம்பி," என்றார். அக்கா என்னைப் பார்க்காமலே ஏறினாள்.

அடுத்த ஞாயிறு கடிதம் அச்சில் வந்தது. கீழே விமர்சகர் நாலு வரி சேர்த்திருந்தார். நடிப்போடு ஒப்பனையும் கைவந்த இந்தப் பெண் இன்னும் பல படங்களில் தன் திறமையைக் காட்ட வேண்டுமாம். அப்பா அதையும் உரக்க வாசித்தார். கேட்க நான் மட்டும்தான் இருந்தேன். அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், சாப்பாட்டுக்கு வர முடியாது என்று அத்தான் காலையிலேயே போன் செய்திருந்தார்.