அந்த ஒரு டைல்

மனைவி கடைசியாகக் கேட்ட பொருளின் விலை நூற்றிருபது என்றார் கடைக்காரர். அறுபது என்றார் அரைவிலை.

அரைவிலை என்பது கடைத்தெரு வைத்த பெயர். தார்ப்பாயும் கயிறும் விற்கிறவர். யார் எதற்கு என்ன விலை சொன்னாலும் பாதியில்தான் பேச்சைத் தொடங்குவார். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு எங்க வீட்ல ரெண்டு மாசம் டைம் கேட்டாங்க. இவர் ஒரு மாசம்னு நின்னார்" என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அது விற்காமல் தேங்கிய சரக்கை மொத்தமாக வாங்கிப்போட்டு விற்கும் டைல்ஸ் கிடங்கு. காலையிலிருந்து அவர் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் ஒரே பதில்தான். பையிலிருந்த உடைந்த டைல் துண்டைப் பார்த்ததுமே, இந்த டிசைன் நின்று வருஷக்கணக்காகிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். இங்கே கடைக்காரரின் தண்ணீர் டிரம்முக்கு மூடியாகக் கிடந்தது அது. இரண்டடிக்கு இரண்டடி. வெளிறிய பரப்பில் சாம்பல் நிற நூலிழை ஓடும் போர்சலின். அவருக்கு உள்ளே துள்ளியது. முகத்தை அசையவிடவில்லை.

"டிரம்மு மூடிக்கு நூத்தி இருபதா?"

"மூடின்னா சும்மாவே தருவேங்க. நீங்க காலையிலேர்ந்து துண்டைப் பையில போட்டுக்கிட்டு அலையறதா நாலு கடை தள்ளி இருக்கிறவர் போன் பண்ணிட்டாரு. அதுக்குத்தான் நூத்தி இருபது."

பாத்ரூம் மூலையில் ஒன்று போய்விட்டது, இது இல்லாவிட்டால் வேறு எதையாவது ஒட்டிக்கொள்வேன் என்று அரைவிலை பொய் சொன்னார்.

பாத்ரூம் அல்ல, கூடம். அந்தக் கூடத்துத் தரை முழுக்க அவள் தேர்ந்தெடுத்தது. டைல்ஸ் வாங்கப் போன அன்று கடையில் எல்லோரும் பலகையில் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நான்கு மாதிரிகளைத் தரையில் போடச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு மேலே நடந்தாள். பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் குதிகாலால் தேய்த்துப் பார்த்தாள். டைல்ஸ் வாங்க வந்தீர்களா, நடக்க வந்தீர்களா என்று கடைப்பையன் கேட்டதற்கு, "நடக்கத்தான்" என்றாள். பளபளப்பானதை எல்லாம் தள்ளிவிட்டு வழுக்காத ஒன்றை எடுத்தாள். கூடவே ஒரு பெட்டி அதிகமாகப் போடச் சொன்னாள். பின்னால் ஒன்று உடைந்தால் இதே சாயலில் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர் அந்தப் பெட்டியை வேலை முடிந்த மறுநாளே திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கி வந்தார். விற்ற கடையிலேயே ஒரு காசு பிடிக்கவிடாமல் திருப்பி வாங்கிய கதையைப் பல வருடம் சொன்னார். அவளும் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தத் தரையை அவள் வேறு யாரிடமும் விட்டதில்லை. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி சோப்பு, அவ்வளவுதான். ஆசிட் வீட்டுக்குள் வரக் கூடாது. துடைத்த பிறகு காய்ந்த துணியால் இன்னொரு முறை. இடுக்குக் கோடுகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். "இவ எனக்குக்கூட இப்படித் தலை துவட்டினதில்லை" என்பார் அவர்.

நுரையீரலுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகு கூடத்தில்தான் கட்டில் போட்டார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றும்போது ஒன்று சாய்ந்து விழுந்தது. கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்த டைல் சிலந்தி வலை போல வெடித்தது. அவள் ஒருக்களித்துப் படுத்தால் கண் நேராக அங்கேதான் போகும்.

"அந்த ஒரு டைல் மட்டும் மாத்திருங்க" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். "வீட்டுக்கு ஆளுங்க வருவாங்க."

எந்த ஆட்கள், எதற்கு வருவார்கள் என்று அவர் கேட்கவில்லை.

இன்று காலை மூச்சு மோசமாக இருந்தது. இன்றைக்குப் போக வேண்டாம் என்று மகள் தடுத்தாள். கட்டிலில் இருந்தவள் விரலைத் தூக்கி வாசலைக் காட்டினாள். போய்விட்டுச் சீக்கிரம் வந்துவிடலாம் என்று கிளம்பினார். மதியத்துக்கு மேஸ்திரியையும் வரச் சொல்லியிருந்தார். போட்டதைப் படுத்தபடியே அவள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

"எழுபது" என்றார் அரைவிலை. கடைக்காரர் தலையை ஆட்டவில்லை.

இனிச் செய்ய வேண்டியது அவர் கைக்குத் தெரியும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவசரம் இல்லாத நடையில் வெளியே வந்தார். திரும்பிப் பார்த்தவன் கேட்ட விலையைக் கொடுப்பான். எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் கிடங்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஒரு டீ சொன்னார். டீ முடிகிற வரைக்கும்தான் பொறுப்பது. கூப்பிடாவிட்டால் எழுந்து போய் முழு விலைக்கே எடுத்துவிடுவது. யாரும் பார்க்காமல் நூற்றிருபதை எண்ணித் தனியாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. மகள். கிடைத்ததா என்று கேட்பாள், கிடைத்தது என்று சொல்ல வேண்டியிருக்கும், தெரு அகலம் நாலு எட்டுகூட இல்லை, அந்த ஆளுக்கு நீளமான காது. சத்தத்தை அமுக்கினார். இரண்டாம் முறையும் வெளிச்சம் வந்தது. போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டு டீயை ஆற்றினார்.

"ஐயா, வாங்க. எழுபதே குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. டிரம்முக்கு வேற மூடி பார்த்துக்கிறேன்."

அரைவிலை உடனே எழவில்லை. கடைசி மடக்கைக் குடித்து, டம்ளரை வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

டைலைச் சாக்கில் சுற்றிப் பதமாக ஆட்டோவில் வைத்த பிறகு மகளைக் கூப்பிட்டார். நல்ல செய்தி என்பதால் முதலில் தானே பேசினார்.

"கிடைச்சிருச்சு. அம்மாகிட்ட சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அம்மா போய்ட்டாங்கப்பா." பிறகு, "வந்துட்டாரான்னு கேட்டாங்க. அப்பதான் ரெண்டு தடவை போட்டேன்" என்றாள்.

வீடு போய்ச் சேர்ந்தபோது சிலிண்டரை மூடியிருந்தார்கள். அதன் சீறல் இல்லாத கூடம் பெரிதாக இருந்தது. முகத்தில் இருந்த குழாயின் தடம் மட்டும் கன்னத்தில் மிச்சம். அவர் சாக்கைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவள் பாதத்தின் பக்கம் உட்கார்ந்தார்.  மகள் எழுந்து தலைமாட்டுக்குப் போனாள்.

சொன்ன நேரத்துக்கு மேஸ்திரி வந்தார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, இன்னொரு நாள் வருவதாகப் பையை எடுத்தார்.

"போடுங்க" என்றார் அரைவிலை.

மனைவியின் தம்பி எழுந்து வந்தார். "அத்தான், என்ன பண்றீங்க? அக்கா படுத்திருக்கு. பக்கத்துல உளியை வச்சு அடிப்பாங்களா யாராவது?"

"ஆளுங்க வருவாங்கன்னு சொன்னா."

மச்சினர் மகளைப் பார்த்தார். அவள் அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டபடி, திரும்பாமல் சொன்னாள். "போடட்டும் மாமா. அதுக்குத்தானே போனார்."

மேஸ்திரி மெஷினை எடுக்கவில்லை. தூசி பறக்கும் என்று உளியாலேயே உடைத்தார். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் கட்டிலை ஒருமுறை பார்த்துக்கொண்டார், எழுந்துவிடப் போகிறாள் என்பது போல. பழைய பசையைச் சுரண்டி, புதியதைச் சீப்புக் கரண்டியால் இழுத்து, டைலை இறக்கி, ரப்பர் சுத்தியலால் நான்கு மூலையிலும் தட்டினார். சத்தம் எங்கும் பொள்ளலாக இல்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டுச் சற்றுப் பின்னால் நகர்ந்தார்.

ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்தது.

நூலிழை அதேதான். நிறம் அதல்ல. மற்றவை சாம்பல் கலந்த வெள்ளை, இது மஞ்சள் கலந்த வெள்ளை. ஒரே டிசைன், வேறு சூளை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டே அலைந்தவர், கிடங்கின் மங்கிய குழல்விளக்கில் பார்த்ததோடு சரி. வெயிலுக்கு எடுத்துப் போய் ஒட்டிப் பார்த்திருந்தால் அது எவ்வளவு வேண்டும் என்பது கடைக்காரருக்குத் தெரிந்துபோயிருக்கும்.

"காய்ஞ்சா கொஞ்சம் மாறுங்களா?" என்று கேட்டார்.

மேஸ்திரிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை போலிருக்கிறது. சாமான்களைத் துடைத்துக்கொண்டே, நாளை வரைக்கும் இதன் மேல் யாரும் கால் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். கூலி வாங்காமல் போனார்.

ஆட்கள் வந்தார்கள். அவள் சொன்னது போலவே நிறைய வந்தார்கள். டைலின் நான்கு பக்கமும் மகள் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தாள். வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போய், சுற்றிக்கொண்டு திரும்பினார்கள். தூக்கும் நேரத்தில்தான் இடைஞ்சல். கட்டிலிலிருந்து வாசலுக்கு நேர் வழி அதன் மேல்தான். "ஓரமா, ஓரமா" என்றார் மச்சினர். தூக்கியவர்கள் சுவரை ஒட்டி வளைந்தபோது அவள் தலை ஒருபக்கம் சாய்ந்தது. அவள் நடந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த தரையில் அந்த ஒன்றின் மேல் மட்டும் யாரும் கால் வைக்கவில்லை.

எல்லாம் முடிந்து வந்த பிறகு பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் அவரோடு கொஞ்ச நேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தவர், முப்பது வருடப் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"என்ன விலை சொன்னாங்க?"

"நூத்தி இருபது."

"எவ்வளவுல முடிச்சீங்க?"

"எழுபது."

"பரவாயில்லையே" என்றவர், சொன்னது காதில் விழுந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தோளைத் தொட்டுவிட்டு எழுந்து, டைலைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். உள்ளே மகள் வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

அரைவிலை சட்டைப்பையில் கைவிட்டார். கேட்டது நூற்றிருபது. கொடுத்தது எழுபது. மிச்சம் ஐம்பது, டீக்கடையில் மடித்த மடிப்போடு அப்படியே இருந்தது.