மூன்றாம் மாடி ஃபேன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பதிவாளர் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த வீராப்பெல்லாம் பிரிண்டர் மக்கர் செய்யும்போதுதான். பதிவாளர் முன்னால் போனால் நான் பெட்டிப் பாம்பு.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ரிஸ்க் ரெஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. எங்கே என்ன ஆபத்து என்று ஒவ்வொரு துறையும் வருடத்துக்கு ஒரு முறை ஃபாரத்தில் எழுதி அனுப்பும். பெரிய ஆபத்துக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு மஞ்சள், பயமில்லை என்றால் பச்சை. அவற்றைத் தொகுத்து ஆட்சிமன்றக் குழுவுக்கு வைப்பது என் வேலை. குழு சிவப்பை மட்டும்தான் படிக்கும். பதிவாளருக்கோ சிவப்பைக் கண்டாலே ஆகாது. தரமதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தால் மானம் போய்விடும் என்பார். நான் வாயை மூடிக்கொண்டு பச்சையாக்கிக் கொடுப்பேன்.

வேதியியல் துறை ஃபாரத்தை எழுதுகிற ஆய்வக உதவியாளர் என் வீட்டுக்காரர். மூன்று வருடமாக ஒரே வாக்கியம்: 'மூன்றாம் மாடி ஆய்வகத்தில் புகையை இழுக்கும் ஃபேன் ஓடவில்லை.' மூன்று வருடமும் அதைப் பச்சையாக்கியவள் நான். அவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே இருமுவார். காலையில் பல் தேய்க்கும்போதும் இருமுவார். தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்தால் என்ன என்று அவரையே திட்டுவேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

இந்த வருடம் அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் ஃபாரம் வந்தது. 'ஆபத்து எதுவும் இல்லை.'

சரிசெய்துவிட்டார்களோ என்று மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறினேன். ஃபேன் தூசி படிந்து அப்படியே நின்றது. புகைக்குப் பயந்து ஜன்னலோரம் இரண்டு பேர் மட்டும் சோதனை செய்தார்கள். மற்ற மாணவர்கள் முறைக்காக வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பீக்கர் கழுவிக்கொண்டிருந்தார்.

ஏன் இப்படி எழுதினீர்கள் என்று ஃபாரத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, முதலில் என்னைக் காற்று வருகிற இடமாகப் பார்த்து நிறுத்தினார்.

"போன வருஷமே தெரியும்மா. ரெஜிஸ்டரோட காப்பி துறைக்கு வந்துச்சு, கீழ உன் கையெழுத்து இருந்துச்சு. இந்த ஃபாரம் வர்ற வாரமெல்லாம் நீ சரியா சாப்பிடறதே இல்ல. நான் எழுதலன்னா நீ மாத்த வேண்டாமே."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அதில் நான் கெட்டிக்காரி. வெட்கமாக இருந்தது. அவ்வளவு பிரியத்துக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்றும் இருந்தது.

கீழே வந்து அவருடைய பழைய வாக்கியத்தை நானே எழுதி, சிவப்பு வைத்தேன். பதிவாளர் வழக்கம்போல் அதைத் தொட்டுக் காட்டினார்.

"மாத்தணும்னா நீங்களே மாத்தி, நீங்களே கையெழுத்துப் போடுங்க சார்," என்றேன். அவர் பேனாவைத் திறந்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், மூடி வைத்துவிட்டார்.

குழுக் கூட்டத்தில் வேதியியல் செய்முறைத் தேர்வில் தேர்ச்சி மூன்று வருடமாக ஏன் சரிகிறது என்ற பேச்சு வந்தது. பிள்ளைகள் படிப்பதில்லை என்றார் ஒருவர். இன்னொருவர் சிவப்பு வரியைப் படித்துவிட்டு, இது எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று வருடமாக, பச்சையாக்கியது நான்தான் என்று எழுந்து சொன்னேன்.

ஒரு வாரத்தில் எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஒரு மாதத்தில் மூன்றாம் மாடிக்குப் புது ஃபேன் வந்தது. வராந்தாவில் இப்போது யாரும் காத்திருப்பதில்லை.

இருமல் மட்டும் போகவில்லை. நாளாகும் என்கிறார் டாக்டர், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. இன்று காலையும் பல் தேய்க்கும்போது இருமினார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னம்மா, இப்பல்லாம் திட்டவே மாட்டேங்கிற?" என்றார்.

இருமல் நிற்கும்வரை அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.